துப்பாக்கிக் கண்ணாடிக்குள் ஒரு சிலந்தி நூல்

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வில்லனின் ஆள் மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடுவான். உடனே திரை முழுக்க ஒரு கறுப்பு வட்டம், நடுவே ஒரு கூட்டல் குறி, அதற்குள் கதாநாயகனின் தலை. அந்தக் கூட்டல் குறிக்கு ஆங்கிலத்தில் ரெட்டிக்கிள் என்று பெயர். நம் ஊர் பிளஸ் டூ இயற்பியல் செய்முறை வகுப்பில் 'குறுக்குக் கம்பி' என்பார்கள். நான் காமர்ஸ் குரூப் எடுத்தவன் என்பதால் அந்த லேப் பக்கம் போனதில்லை. பொண்ணு போன வருஷம் ஸ்பெக்ட்ரோமீட்டர் ரெக்கார்டு எழுதும்போதுதான் இந்த வார்த்தையே எனக்குத் தெரியவந்தது.

வங்கிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பணியிட மாற்றத்தில் டேராடூன் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு லென்ஸ் மேல்தான் விழவேண்டும். ராணுவத்துக்குத் தொலைநோக்கிகளும் குறிபார்க்கும் கண்ணாடிகளும் செய்யும் தொழிற்சாலை 1943 முதல் இங்கே இருக்கிறது. அதே வேலைக்கான ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். 2021-ல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது கண்ணாடி சமாச்சாரங்களுக்கான 'இந்தியா ஆப்டெல்' நிறுவனத்துக்கும் டேராடூனையே தலைமையிடமாக்கினார்கள். எங்கள் கிளைக்கு வரும் பென்ஷன்தாரர்களில் பாதிப் பேர் ராணுவம், மீதிப் பேர் இந்த நிலையங்களில் வேலை பார்த்தவர்கள். நவம்பர் மாதம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வரும்போது டோக்கன் நம்பர் வரும்வரை பேசிக்கொண்டுதானே இருக்கவேண்டும்? அப்படிக் கேட்டதும், அதைத் தொடர்ந்து தேடிப் படித்ததும்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

ஒரு சிலந்தி செய்த உதவி

கதை துப்பாக்கியில் தொடங்கவில்லை. சூரியனைப் பார்த்த ஒரு மனிதரிடம் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊர். அங்கே வில்லியம் காஸ்காயின் என்று ஒரு இளைஞர், 1612 வாக்கில் பிறந்தவர். வானசாஸ்திரத்தில் பித்து. 1630-களின் கடைசியில் இரண்டு குவிலென்ஸ்களை ஒரு கூட்டில் பொருத்தி சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்தார். திறந்து கிடந்த அந்தக் கூட்டுக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டது. காஸ்காயின் கண்ணை வைத்துப் பார்த்தால் சூரியனும் துல்லியமாகத் தெரிகிறது, சிலந்தி நூலும் அதே அளவு துல்லியமாகத் தெரிகிறது. கோடிக்கணக்கான மைல் தள்ளி இருப்பதும் மூக்குக்கு முன்னால் இருப்பதும் ஒரே தெளிவில்!

இது எல்லாத் தொலைநோக்கியிலும் நடக்காது. கலிலியோ பயன்படுத்திய வகையில் கண் பக்கம் குழிலென்ஸ் இருக்கும். அதற்குள் பிம்பம் எங்கேயும் விழுவதில்லை. கெப்ளர் 1611-ல் விவரித்த வகையில் இரண்டு பக்கமும் குவிலென்ஸ். அதில் முன் லென்ஸ் உண்டாக்கும் பிம்பம் குழாய்க்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழுகிறது. கண் பக்க லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு நூலை வைத்தால் பிம்பத்தின் மேலேயே நூலை ஒட்டிவைத்த மாதிரி. கண்ணைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினாலும் நூல் பிம்பத்தை விட்டு விலகாது. சிலந்தி தற்செயலாக அந்த இடத்தில்தான் நூல் இழுத்திருந்தது.

காஸ்காயின் சும்மா விடவில்லை. அந்த இடத்தில் இரண்டு உலோக விளிம்புகளை வைத்து, ஒரு திருகாணியால் அவை விலகவும் நெருங்கவும் செய்தார். சந்திரனை இரண்டு விளிம்புக்கும் நடுவே சரியாக அடக்கு, திருகாணி எத்தனை சுற்று என்று பார், கணக்குப் போடு. சூரியன், சந்திரன், கிரகங்களின் தோற்ற அளவை அவரால் அதுவரை யாரும் அளக்காத நுணுக்கத்தில் அளக்க முடிந்தது. வில்லியம் ஆட்ரெட் என்ற கணித மேதைக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சிலந்தி விஷயத்தை அவரே சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடந்ததுதான் மனதை என்னவோ செய்கிறது. இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. காஸ்காயின் மன்னர் பக்கம் போனார். 1644 ஜூலை 2-ம் தேதி மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் இறந்தார். வயது முப்பத்திரண்டு இருக்கும். 1667-ல் பிரான்ஸ்காரர் ஒருவர் இதே மாதிரி அளவுக்கருவியைத் தன்னுடையது என்று அறிவித்தபோதுதான், ரிச்சர்ட் டவுன்லி என்பவர் காஸ்காயினின் கருவியை லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரியப்படுத்தினார். அதன் படத்தை வரைந்தவர் ராபர்ட் ஹூக். குறுக்கு இழையைக் கண்டுபிடித்தவர் சாவதற்கு இருபது வருஷம் கழித்துத்தான் உலகத்துக்கு அது தெரிந்தது.

தஞ்சாவூர் வழியாக டேராடூன்

அந்த இழை அடுத்த இருநூறு வருஷம் பெரும்பாலும் நல்ல காரியத்துக்குத்தான் உழைத்தது. நட்சத்திரங்களை அளந்தார்கள், கப்பலுக்கு வழி சொன்னார்கள், நிலத்தை அளந்தார்கள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியதுதான் பின்னால் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியாக வளர்ந்தது. அவருக்கு லண்டனிலிருந்து வந்த தியோடலைட் அரை டன் எடை. அதைக் கொண்டுவந்த கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்கு இழுத்துப் போய், அப்புறம் அறிவியல் கருவி என்று தெரிந்து மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி, அதன் வட்டத் தட்டு நெளிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டு ஆறு வாரம் தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார்.

தஞ்சாவூரில் அடிபட்ட அந்தக் கருவி கடைசியில் வந்து சேர்ந்தது இதே டேராடூனில், சர்வே ஆஃப் இந்தியா வசம். அந்தத் தியோடலைட்டின் தொலைநோக்கிக்கும் உயிர்நாடி குறுக்கு இழைதான். இழை நடுவில் இல்லை என்றால் இமயமலையின் உயரமே தப்பாகிவிடும்.

இழைக்கு அப்போதெல்லாம் நிஜச் சிலந்தி நூலைத்தான் பயன்படுத்தினார்கள். சில மைக்ரான்தான் தடிமன், ஒரே சீராக இருக்கும், இழுத்தால் விறைப்பாக நிற்கும். உலோகக் கம்பியை அவ்வளவு மெல்லிசாக இழுப்பது பெரும்பாடு. இரண்டாம் உலகப் போர் காலத்தில்கூட கலிஃபோர்னியாவில் ஒரு பெண்மணி சிலந்திகளை வளர்த்து, நூல் எடுத்து, கருவி செய்பவர்களுக்கு அனுப்பினார். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் நார்டன் கருவியில் ஒரு பெண்ணின் கூந்தல் இழை இருந்தது என்று ஒரு கதையும் உலவுகிறது. அதில் இருந்தது கண்ணாடியில் பொறித்த கோடு. கூந்தல் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் :-)

மெல்லிசா? தடிமனா?

துப்பாக்கிக்கு வருவோம். 1840-களில் அமெரிக்காவில் ஜான் சாப்மன் யோசனை சொல்ல, மோர்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லர் செய்த குழாய்த் தொலைநோக்கிகள் நன்கு தெரிந்த ஆரம்பம். குழாய் கிட்டத்தட்ட துப்பாக்கிக் குழல் நீளம் இருக்கும். 1855-ல் வில்லியம் மால்கம் நிறப்பிழை நீக்கிய லென்ஸ்களைப் போட்டு அதை மேம்படுத்தினார். உள்ளே அதே கூட்டல் குறி இழை.

வானசாஸ்திரிக்கு வராத ஒரு பிரச்சினை வேட்டைக்காரனுக்கு வந்தது. மான் வெளியே வருவது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும். மங்கிய வெளிச்சத்தில், கருத்த காட்டுப் பின்னணியில், மெல்லிய இழை காணாமல் போய்விடும். சரி, தடிமனாகப் போடுவோம் என்றால் தூரத்தில் இருக்கும் மானையே கோடு மறைத்துவிடும்.

இந்த ஒரே முரண்பாட்டைச் சுற்றித்தான் அடுத்த நூறு வருஷ வடிவங்கள் எல்லாம்.

ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் தடிமன் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய ஒன்றாம் நம்பர் ரெட்டிக்கிளில் கீழேயிருந்து ஒரு கூர்மையான கம்பம் எழும்பி நிற்கும், இரண்டு பக்கமும் தடித்த பட்டைகள். முதல் உலகப் போரில் பதுங்கிச் சுட்டவர்கள் இந்தக் கம்ப வகையின் வழியாகத்தான் எதிரியைப் பார்த்தார்கள். சோவியத் நாட்டின் மொசின் துப்பாக்கியில் இருந்த ஸ்கோப்பிலும் இதே குடும்பத்து வடிவம்தான். நாலாம் நம்பரில் இடம், வலம், கீழ் என மூன்று பக்கம் தடித்த பட்டை, நடுவில் மட்டும் மெல்லிய கூட்டல் குறி.

அமெரிக்காவில் 1930-ல் வீவர் என்பவர் சாதாரண மனிதர் கைக்கு எட்டும் விலையில் ஸ்கோப் செய்ய ஆரம்பித்தார். அங்கே மெல்லிய கூட்டல் குறிதான் பிரபலம். அலபாமாவில் லீ என்பவர் சிலந்தி நூலில் ஒரு சின்னப் பொட்டு வைத்துக் கொடுப்பார். நூல் அவ்வளவு மெல்லிசு என்பதால் பொட்டு அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். இதை 'லீ டாட்' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டு கட்சிக்கும் சமரசம் 1962-ல் வந்தது. ஆரிகன் மாநிலத்தின் லூபோல்ட் கம்பெனி 'டூப்ளெக்ஸ்' என்ற ரெட்டிக்கிளை வெளியிட்டது. நான்கு பக்கமும் ஓரத்தில் தடிமன், நடுவில் நெருங்கும்போது சட்டென்று மெல்லிசு. தடித்த பகுதி அந்தி வெளிச்சத்திலும் கண்ணை நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகும், மெல்லிய பகுதி இலக்கை மறைக்காது. பார்த்தால் 'இதற்கு ஒரு கண்டுபிடிப்பா?' என்று தோன்றும். இன்று உலகத்தில் விற்கும் வேட்டை ஸ்கோப்களில் பெரும்பகுதி இதன் ஏதோ ஒரு பிரதிதான்.

ஜெராக்ஸ் கணக்கு

இனிதான் ருசியான இடம். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கோப்கள் வந்தன. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலேயே ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனி இப்படிச் செய்திருந்தாலும், பரவலானது 1950-களுக்குப் பிறகு. அதோடு ஒரு கேள்வியும் வந்தது. பிம்பம் பெரிதாகும்போது கோடும் பெரிதாக வேண்டுமா, வேண்டாமா?

ஸ்கோப்புக்குள் பிம்பம் இரண்டு இடத்தில் விழுகிறது. முன் லென்ஸுக்குப் பின்னால் தலைகீழாக ஒரு முறை. நடுவில் இருக்கும் லென்ஸ் கூட்டம் அதை நிமிர்த்தி, பெரிதாக்கி, கண் பக்கத்தில் இன்னொரு முறை. கோட்டை முதல் இடத்தில் வைத்தால் பிம்பத்தோடு சேர்ந்து கோடும் வளரும். இரண்டாவது இடத்தில் வைத்தால் பிம்பம் மட்டும் வளரும், கோடு அப்படியே இருக்கும்.

எனக்கு இது புரிந்தது வீட்டுக்கடன் பைலில் வரும் மனை வரைபடத்தை வைத்துத்தான். வரைபடத்தின் ஓரத்தில் '10 மீட்டர்' என்று ஒரு அளவுகோல் வரைந்திருப்பார்கள். ஜெராக்ஸ் மெஷினில் இரண்டு மடங்காக்கினால் அளவுகோலும் இரண்டு மடங்காகும், அதனால் அளவு சரியாகவே இருக்கும். முதல் இடத்து ரெட்டிக்கிள் அதுதான். அளவுகோலைத் தாளில் வரையாமல் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் ஒட்டிவைத்தால்? வரைபடம் மட்டும் பெரிதாகும், அளவுகோல் பழைய நீளத்திலேயே இருக்கும். ஒரே ஒரு பெருக்கத்தில்தான் அது உண்மை பேசும். இரண்டாவது இடத்து ரெட்டிக்கிள் இது.

ஐரோப்பா முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கா இரண்டாவது இடத்தை. அமெரிக்க வேட்டைக்காரருக்குக் கோடு சுட்டிக் காட்டினால் போதும், அளக்கத் தேவையில்லை. அதிகப் பெருக்கத்தில் கோடு தடித்து மானை மறைப்பதை அவர் விரும்பவில்லை.

ஆளே அளவுகோல்

ராணுவத்துக்கு அளக்கத்தான் வேண்டும். குண்டு நேர்கோட்டில் போவதில்லை, போகப் போகத் தாழும். தூரம் தெரியாமல் எவ்வளவு மேலே பிடிப்பது என்று தெரியாது. லேசர் இல்லாத காலத்தில் தூரத்தைச் சொல்லக்கூடியது கண்ணாடிக்குள் இருக்கும் கோடு மட்டும்தான்.

இதற்கான கணக்கு எளிமை. தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத்தைக் காட்டும் கோணத்துக்கு ஒரு 'மில்'. 100 மீட்டரில் ஒரு மில் என்பது 10 சென்டிமீட்டர். 1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு கம்பம் 3 மில் உயரத்தில் தெரிந்தால், 1.8-ஐ 1000-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க 600 மீட்டர். அமெரிக்க மெரீன் படை 1970-களின் கடைசியில் கூட்டல் குறியின் மேல் ஒரு மில்லுக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டது. 'மில் டாட்' என்று இன்றுவரை அதுதான் பாடம். காஸ்காயின் சந்திரனை அளந்த அதே வித்தை.

ஆனால் போர்க்களத்தில் உயரம் தெரிந்த கம்பம் எங்கே இருக்கும்? உயரம் தெரிந்த ஒரே பொருள் மனிதன்தான்.

எங்கள் கிளையின் காவலர் முன்னாள் ராணுவ வீரர். கையில் இருப்பது வங்கிக் காவலர்கள் எல்லோரிடமும் இருக்கும் இரட்டைக்குழல் பன்னிரண்டு போர்தான். அதில் ஸ்கோப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. படையில் இருந்தபோது டிராகுனோவ் பிடித்தவர். நான் இதைப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்து, ஒரு சலானின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். "கீழே இடது பக்கம் ஒரு வளைந்த கோடு இருக்கும் சாப். அடியில் ஒரு நேர்கோடு. ஆளை அந்த நேர்கோட்டில் நிற்க வைக்கணும். தலை வளைந்த கோட்டை எங்கே தொடுதோ, அங்கே இருக்கிற நம்பர்தான் தூரம்."

சோவியத் ராணுவம் 1963-ல் ஏற்றுக்கொண்ட டிராகுனோவின் பி.எஸ்.ஓ-1 ஸ்கோப் அது. நான்கு மடங்கு பெருக்கம், உள்ளே பேட்டரி விளக்கு. அந்த வளைவு வரைந்திருப்பது 1.7 மீட்டர் உயர மனிதனுக்கு. 2, 4, 6, 8, 10 என்ற எண்கள் 200 முதல் 1000 மீட்டர் வரை. நம் ராணுவமும் நெடுங்காலம் பயன்படுத்திய துப்பாக்கி.

வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் வேறு வழி போனார்கள். லெதர்வுட் என்ற அதிகாரி வடிவமைத்த ஸ்கோப்பில் இரண்டு படுக்கைக் கோடுகள். உருப்பெருக்க வளையத்தைத் திருகி, எதிரில் இருப்பவனின் தலை உச்சி முதல் இடுப்பு பெல்ட் வரை, அதாவது 30 அங்குலம், இரண்டு கோட்டுக்கும் நடுவே அடக்கினால் போதும். வளையத்தோடு இணைந்த ஒரு சக்கரம் தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்பையே சாய்த்துவிடும். 1987-ல் வந்த டிரிஜிகான் 'ஏகாக்' கைக்கு அடக்கமான நான்கு மடங்கு கண்ணாடி. அதில் கீழே கீழே சிறு படுக்கைக் கோடுகள், ஒவ்வொன்றின் அகலமும் அந்தந்தத் தூரத்தில் 19 அங்குலம். ஒரு மனிதனின் தோள் அகலம்.

1.7 மீட்டர் உயரம், தலை முதல் பெல்ட் வரை 30 அங்குலம், தோள் 19 அங்குலம். தையற்காரர் எடுக்கும் அளவு மாதிரி இருக்கிறது, இல்லையா? இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. நானும் எங்கேயோ ஒரு கண்ணாடியில் ஒரு அளவுகோலாக வரையப்பட்டிருக்கிறேன் என்பது என்னவோ போல இருந்தது.

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். 400 மீட்டரில் 1.4 மீட்டர் உயரச் சிறுவன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வளைந்த கோடு அவனை 1.7 மீட்டர் ஆளாகவே நினைக்கும். தூரம் ஏறக்குறைய 485 மீட்டர் என்று சொல்லும். கோட்டுக்கு ஆள் பெரியவனா சின்னவனா, நிற்கிறானா குனிந்திருக்கிறானா என்பது தெரியாது. அது பார்ப்பவரின் பொறுப்பு. காவலரிடம் இதைச் சொன்னேன். "அதனால்தான் சாப், முதலில் ஆள் யார் என்று பார்க்கணும், அப்புறம்தான் நம்பர்" என்றார். ரெட்டிக்கிளைப் பற்றி நான் கேட்டதிலேயே முக்கியமான வாக்கியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றிலிருந்து எட்டு வரை

இத்தனைக்கும் பிறகு, நகர வீதிகளிலும் வீடுகளுக்குள்ளும் நடக்கும் சண்டைகள் இன்னொரு தேவையைக் கொண்டுவந்தன. பத்தடியில் கதவுக்குப் பின்னால் ஒருவர், அடுத்த நிமிடம் 500 மீட்டர் தள்ளி மாடியில் ஒருவர்.

கிட்டத்துக்கு ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் 1975-ல் விடை கண்டிருந்தது. பெருக்கமே இல்லாத கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு, இரண்டு கண்ணும் திறந்தே இருக்கலாம். தூரத்துக்கு அது உதவாது. தூரத்துக்கான ஸ்கோப் கிட்டத்தில் உதவாது. ஐரோப்பாவில் காட்டுப்பன்றியை விரட்டி வேட்டையாடுபவர்கள் ஏற்கெனவே ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மாறும் குட்டி ஸ்கோப்களை வைத்திருந்தார்கள். அந்த வகையை ராணுவத்துக்கு ஏற்றதாக மாற்றி, ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 1.1 முதல் 4 வரை மாறும் 'ஷார்ட் டாட்' கொண்டுவந்தது. அமெரிக்கச் சிறப்புப் படையைச் சேர்ந்த லாரி விக்கர்ஸ் அதற்கு யோசனை சொன்னவர். பிறகு 1-6, 1-8, 1-10 என்று வளர்ந்துவிட்டது. எல்.பி.வி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

பழைய முரண்பாடு இங்கே இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. கணக்கைப் பாருங்கள்.

0.1 மில் தடிமன் உள்ள கோடு ஒன்றை முதல் இடத்தில் வைக்கிறோம். எட்டு மடங்கில் அது கண்ணுக்கு 0.8 மில், அழகாகத் தெரியும். ஒரு மடங்கில் வெறும் 0.1 மில். நல்ல கண் பிரித்தறியும் எல்லையே ஏறக்குறைய 0.3 மில்தான். கோடு தூசு மாதிரி ஆகிவிடும், வீட்டுக்குள் இருட்டில் காணவே காணாது.

சரி, இரண்டாவது இடத்தில் வைக்கலாமா? எப்போதும் தெரியும். ஆனால் 1-6 ஸ்கோப்பில் அளவு சரியாக இருப்பது ஆறு மடங்கில் மட்டும் என்றால், அவசரத்தில் மூன்று மடங்கில் விட்டுவிட்டு அளந்தால் என்ன ஆகும்? 425 மீட்டரில் நிற்கும் 1.7 மீட்டர் ஆள் உண்மையில் 4 மில். கோடு 2 என்று காட்டும். தூரம் 850 மீட்டர் என்று கணக்கு வரும். நேர் பாதி, நேர் இரட்டை. வங்கியில் இப்படித் தப்பினால் மெமோவோடு போகும். அங்கே அப்படி இல்லை.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது பெரிய வளையம். கோடுகளைச் சுற்றி, நான்கு துண்டாகவோ குதிரை லாடம் போலவோ ஒரு தடித்த வளையத்தை முதல் இடத்திலேயே பொறிக்கிறார்கள். அதன் குறுக்களவு 10 மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் பௌர்ணமி நிலா தெரிவது சுமார் 9 மில். ஆக, ஒரு மடங்கில் அந்த வளையம் நிலா அளவுக்குச் சுருங்கி, உள்ளே இருக்கும் நுணுக்கமெல்லாம் மறைந்து, ஒரு கொழுத்த பொட்டு போலத் தெரியும். உள்விளக்கைப் போட்டால் சிவப்புப் பொட்டேதான். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட வளையம் பூ மாதிரி விரிந்து ஓரத்துக்குப் போய்விடும், நடுவில் மறைந்திருந்த அளவுக்கோடுகள் வெளியே வரும். ஒரே பொறிப்பு, பெருக்கத்துக்கு ஏற்ப இரண்டு வேலை.

இன்னொரு வழி, இரண்டு இடத்திலும் வைத்துவிடுவது. ஷ்மிட் அண்ட் பெண்டரின் 1-8 மாடல் ஒன்றில் அளவுக்கோடுகள் முதல் இடத்தில், சிவப்புப் பொட்டு இரண்டாவது இடத்தில். அளப்பது வளரும், சுட்டிக் காட்டுவது மாறாது. பிரச்சினை தீர்ந்தது, விலைதான் ஏறியது.

இவ்வளவு நுணுக்கத்தைச் சிலந்தி நூலால் செய்ய முடியாது. நூலில் நேர்கோடு மட்டும்தான் கிடைக்கும், அந்தரத்தில் எண்ணும் வளையமும் நிற்காது. அதனால் கண்ணாடித் தட்டில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் அதே ஒளிப்பொறிப்பு முறையில் கோடுகளைப் பதிக்கிறார்கள். முன் லென்ஸின் குவியத்தூரம் 100 மில்லிமீட்டர் என்றால் 0.1 மில் கோட்டின் நிஜத் தடிமன் 10 மைக்ரான். நம் தலைமுடியில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். அந்த இடத்தில் ஒரு தூசி உட்கார்ந்தால் பார்ப்பவருக்குப் பாறாங்கல் மாதிரி தெரியும். இங்கே ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைத் தூசியோடு சண்டை போட்டே கழித்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது

அமெரிக்க மெரீன் படை 2020-ல் நான்கு மடங்கு ஏகாக்கின் இடத்துக்கு 1-8 மாறும் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜனவரியில் அந்நாட்டு ராணுவம் வோர்டெக்ஸ் கம்பெனியோடு பத்து வருஷத்தில் 2,50,000 வரை வாங்க ஒப்பந்தம் போட்டது. எக்ஸ்.எம்.157 என்ற அதுவும் 1-8 தான். ஆனால் உள்ளே லேசர் இருக்கிறது, கணக்குப் போடும் சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தூரத்தை அதுவே அளந்து, எங்கே பிடிக்கவேண்டும் என்று ஒரு ஒளிப்புள்ளியைப் பிம்பத்தின் மேல் போட்டுவிடும். 1.7 மீட்டர் மனிதனும் 19 அங்குலத் தோளும் இனி அளவுகோலாகத் தேவையில்லை.

இருந்தும், அந்த ஒளிப்புள்ளிக்கு அடியில் கண்ணாடியில் பொறித்த சாதாரணக் கோடுகளையும் வைத்தே செய்திருக்கிறார்கள். பேட்டரி தீர்ந்தால் அதுதான் கதி. நாங்கள் கோர் பேங்கிங் வந்த பிறகும் சில ரிஜிஸ்டர்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தோமே, அதே முன்ஜாக்கிரதை.

கம்ப்யூட்டர் தூரத்தைச் சொல்லும், காற்றழுத்தத்தைச் சொல்லும், குண்டு எவ்வளவு தாழும் என்று சொல்லும். எங்கள் காவலர் சொன்ன முதல் வேலையை, எதிரே இருப்பது யார் என்று பார்ப்பதை, அது இன்னும் பார்ப்பவரிடமே விட்டுவைத்திருக்கிறது. அதையும் ஒரு நாள் மெஷினிடம் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் பெரிய விவாதம். எனக்கு அதில் நிபுணத்துவம் இல்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடமோ, பொறுப்பும் அவரிடம்தான் என்று எங்கள் துறையில் சொல்லித்தருவார்கள். அது இங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அடுத்த பதிவில் லாம்டனுக்குப் பிறகு வந்த எவரெஸ்ட் துரை பற்றி எழுத உத்தேசம். மசூரியில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வந்தோம். படங்கள் தேறியிருந்தால் போடுகிறேன்.

பி.கு: பிள்ளைகள் பிளஸ் டூ சயன்ஸ் குரூப்பில் இருந்தால், ஸ்பெக்ட்ரோமீட்டரில் குறுக்குக் கம்பியை ஏன் முதலில் தெளிவாக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் சிலந்திக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்தது.